கொழுப்பின் கணக்கும் ஆயுளின் கணக்கும்

காஜாங் நகரத்துக் காப்பிக் கடைகளில் முதியோர் கூடினால் முன்பெல்லாம் மழையும் ரப்பர் விலையுமே பேச்சு. இன்று அவ்விடத்தை இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் கொழுப்பும் பிடித்துக்கொண்டன. மருத்துவமனையினின்று திரும்பிய ஒருவர் தம் சீட்டை நீட்டி, “கொலஸ்ட்ரால் ஆறு புள்ளி எட்டாம்” என்று கவலைப்படுகிறார். “அதெல்லாம் மருந்து விற்கிறவன் கட்டிவிட்ட கதை, அண்ணே. கொழுப்பு கூட இருக்கிறவன்தான் நெடுநாள் வாழ்கிறான் என்று வெள்ளைக்காரனே ஆராய்ந்து எழுதிவிட்டான்” என்று பக்கத்தில் இருப்பவர் தேற்றுகிறார். தேறுதல் பெற்றவர் வீடு சென்று மாத்திரையை மூலையில் வைத்துவிடுகிறார்.

இத்தேறுதல் மொழி வெறுங் கட்டுக்கதையாக இருந்தால் ஒரே சொல்லில் தள்ளிவிடலாம். அஃது அவ்வாறன்று. அதன் பின்னே மெய்யான ஆராய்ச்சிகள் இருக்கின்றன. அவற்றைச் செய்தவர்களும் கற்றறிந்தவர்களே. ஆகவே அவ்வாதத்தை ஏளனம் செய்வது முறையன்று. அதன் வலிமை எது, வழு எது என்று பகுத்துக் காண்பதே முறை. நாற்பத்தைந்து வயதில் குடும்பத்தைத் தாங்கி நிற்கும் ஒருவன், எழுபத்தைந்து வயதுக்காரரைப் பற்றிய கணக்கைக் கேட்டுவிட்டுத் தன் மருந்தை நிறுத்துவானாயின், அதனால் வரும் இழப்பு ஏட்டோடு நின்றுவிடாது.

எதிர்வாதத்தின் வலிமை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராமிங்ஹாம் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரில் 1948-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கிற்று. 5,209 பேரைத் தேர்ந்து, அவர்கள் இரத்தத்தையும் நெஞ்சையும் பல்லாண்டுகள் விடாது சோதித்து வந்தனர். முப்பது ஆண்டுக் கணக்கைத் திரட்டி 1987-இல் வெளியிட்டபோது இரண்டு செய்திகள் புலப்பட்டன. ஐம்பது வயதுக்கு உட்பட்டோரில், இரத்தக் கொலஸ்ட்ரால் 10 மில்லிகிராம் ஏறும்போதெல்லாம் மொத்த மரணம் நூற்றுக்கு 5 வீதமும், இதய இரத்தக்குழாய் நோயால் வரும் மரணம் 9 வீதமும் ஏறின. ஐம்பதைக் கடந்தோரில் அத்தகைய ஏற்றம் காணப்படவில்லை. கொழுப்பைக் குறை கூறுவோர் முதற் செய்தியை எடுத்துக்கொண்டனர். மறுப்போர் இரண்டாம் செய்தியை எடுத்துக்கொண்டனர். இருவருமே பாதி ஏட்டைத்தான் படித்தனர்.

பின்னர் வந்த ஆய்வுகளும் மறுப்போர்க்குத் துணை செய்தன. ஹவாய்த் தீவின் ஹொனலூலுவில் 71 முதல் 93 வயது வரையிலான ஜப்பானிய வழியினரான ஆடவர் 3,572 பேரை ஆராய்ந்து, 2001-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. கொலஸ்ட்ரால் மிகக் குறைந்தவர்களே அவர்களுள் மிகுதியாக இறந்தனர். சுவீடன் நாட்டு மருத்துவர் உஃபே ரவ்ன்ஸ்கோவும் அவர் குழுவினரும் 2016-இல் 19 ஆய்வுகளைத் தொகுத்தனர். அவற்றில் அடங்கியோர் அறுபது வயதைக் கடந்த 68,094 பேர். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். குறைந்தவர்களிடையே மரணம் மிகுதி என்ற முடிவையே அவர்களுள் பெரும்பாலோரைப் பற்றிய கணக்கு தந்தது. கொரியாவில் 1 கோடியே 28 லட்சம் பேரைப் பற்றிய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அங்கே மரணம் மிகக் குறைந்திருந்த நிலை, இளையோர் நீங்கலாக, 210 முதல் 249 மில்லிகிராம் வரையாகும். மலேசிய அளவில் சொன்னால் அஃது ஏறத்தாழ 5.4 முதல் 6.4 வரை. இந்நாட்டின் சுகாதார ஆய்வுகளோ 5.2-ஐ எட்டினாலே ‘மிகுதி’ என்று குறிக்கின்றன!

இவற்றைப் படித்த எவரும் ஒரு கணம் திகைக்கவே செய்வர். கொழுப்பு கொல்லுமெனில், கொழுப்பு மிகுந்தவர் எங்ஙனம் பிழைத்திருக்கின்றனர்? நியாயமான வினாவே இது. விடைதான் அவசரப்பட்டுக் கூறப்படுகிறது.

காக்கையும் பனம்பழமும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பர். இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தன என்பது உண்மை. ஒன்றால்தான் மற்றொன்று நிகழ்ந்தது என்பது தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டிய கூற்று. சில சமயம் காரணமும் காரியமும் தலைகீழாகவே நின்றுவிடும்.

தோட்டத்தில் பால்மரத்தை வளர்த்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. வேரில் நோய் பற்றிய மரம் இலை பழுத்து, பால் குறைந்து, பின்பு பட்டுப்போகும். பால் குறைந்ததால்தான் மரம் பட்டது என்று கணக்குப் பிள்ளை எழுதி வைத்தால், மண்ணைத் தோண்டி வேரைப் பார்த்த கங்காணி நகைப்பான். மனித உடலும் அத்தகையதே. புற்றுநோய், ஈரல் நோய், நாட்பட்ட தொற்று, முதுமைத் தளர்ச்சி ஆகியன உள்ளே பற்றும்போது கொலஸ்ட்ரால் இறங்கிவிடுகிறது. அந்த இறக்கத்தை அளந்தவர் அதனைச் சாவுக்குக் காரணம் என்று எழுதினால், இலை பழுத்ததைக் கண்டு வேரை மறந்தவராவார்.

இக்கருத்துக்குச் சான்று பிராமிங்ஹாம் ஏட்டிலேயே உண்டு. முதற் பதினான்கு ஆண்டுகளில் எவர்க்குக் கொலஸ்ட்ரால் தானாக இறங்கி வந்ததோ, அவர்களே அடுத்த பதினெட்டு ஆண்டுகளில் மிகுதியாக இறந்தனர். ஹொனலூலுவிலும் 5,941 ஆடவரை ஆறாண்டு இடைவெளியில் இருமுறை சோதித்து, 1995-இல் ஒரு கட்டுரை எழுதினர். நடுத்தர அளவிலிருந்து தாழ்நிலைக்கு இறங்கியோரிடம் மரணம் நூற்றுக்கு 30 வீதம் மிகுந்திருந்தது. இரண்டு முறையும் தாழ்நிலையிலேயே இருந்தோரிடம் அத்தகைய மிகுதி திண்ணமாகக் காணப்படவில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1,08,243 பேரைப் பற்றி 2020-இல் வந்த ஆய்வும் இதற்கு இணங்கவே நிற்கிறது. அங்கும் எல்.டி.எல். மிகக் குறைந்தவரிடையே மரணம் கூடியிருந்தது. ஆனால் அம்மரணங்களுள் கூடியவை புற்றுநோயும் பிற நோய்களும் தந்தவை. இதய நோய் தந்தவை அல்ல.

ரவ்ன்ஸ்கோவின் குழுவினர்க்கு இம்மறுப்பு தெரியாததன்று. முன்னரே நோயுற்றிருந்தோரை நீக்கியும், தொடக்க ஆண்டுகளில் இறந்தோரை விலக்கியும் சில ஆய்வுகள் கணக்கிட்டன என்பது அவர்கள் தரும் மறுமொழி. பதினான்கு ஆண்டுகளாக இறங்கிவரும் ஒன்றை, ஓரிரண்டு ஆண்டுகளை வெட்டியெறிந்து எங்ஙனம் நீக்க முடியும்? வேர்நோய் என்று தொடங்கிற்று என்பதை இலை பழுத்த நாளைக் கொண்டு அறிய இயலாது.

ஆயினும் ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. அதே ஹொனலூலுவின் 2001-ஆம் ஆண்டுக் கட்டுரை, நடுவயதிலும் முதுமையிலும் தொடர்ந்து தாழ்நிலையில் இருந்தோரிடமே மரணம் கூடியிருந்தது என்று கூறுகிறது. ஒரே ஊரின் இரு கட்டுரைகள் இவ்விடத்தில் முழுதும் ஒத்துப்போகவில்லை. பார்த்து எண்ணும் ஆய்வு எத்துணைப் பெரிதாயினும் இந்த முடிச்சை அவிழ்க்காது. அதற்கு வேறு வகைச் சோதனை வேண்டும்.

கரை சேர்ந்தோரை மட்டும் எண்ணுதல்

அதற்குச் செல்லுமுன் மற்றொரு வழுவையும் குறிப்பிட வேண்டும். மழை நாளில் ஆற்றைக் கடந்து பள்ளிக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளை மட்டும் எண்ணிவிட்டு, ‘அனைவரும் நலமே; ஆற்றில் அபாயம் இல்லை’ என்று பதிவேட்டில் எழுதலாமா? அக்கரையில் நின்றுவிட்டவர் எத்தனை பேர், வெள்ளம் கொண்டு போனது எத்தனை பேரை என்று கேட்க வேண்டாமா? எழுபது வயதில் கொலஸ்ட்ரால் ஏழு இருந்தும் நன்றாக இருப்பவர் ஆற்றைக் கடந்து வந்தவர். அவரைப் போலவே ஏழு இருந்து, நாற்பத்தெட்டிலும் ஐம்பத்திரண்டிலும் மாரடைப்பால் போனவர்கள் முதியோர் கணக்கில் இடம் பெறவே இல்லை.

ஏறத்தாழ 9 லட்சம் பேரைப் பற்றிய 61 ஆய்வுகளை ஒருங்கே வைத்து 2007-இல் ‘லான்செட்’ இதழில் ஒரு கணக்கு வந்தது. கொலஸ்ட்ரால் 1 மில்லிமோல் குறைந்திருந்தால், இதயத் தமனி அடைப்பால் வரும் மரணம் 40 முதல் 49 வயதினரிடையே ஏறத்தாழப் பாதியாகவும், 50 முதல் 69 வயதினரிடையே மூன்றில் ஒரு பங்கும், 70 முதல் 89 வயதினரிடையே ஆறில் ஒரு பங்கும் குறைந்திருந்தது. வயது ஏற ஏற விகிதம் சுருங்குகிறது, மறைந்துவிடவில்லை.

விகிதம் சுருங்கினால் பயனும் சுருங்கும் என்று எண்ணுவதும் தவறே. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு: ஆயிரம் இளையோரில் இருவர் இறப்பதாகவும், அது பாதியாகக் குறைவதாகவும் வைத்துக்கொள்வோம், மிஞ்சும் உயிர் ஒன்று. ஆயிரம் முதியோரில் முப்பது பேர் இறப்பதாகவும், அதில் ஆறில் ஒரு பங்கு குறைவதாகவும் வைத்துக்கொள்வோம். மிஞ்சும் உயிர் ஐந்து. பாதி பெரிதா, ஆறிலொன்று பெரிதா என்பது எதில் பாதி, எதில் ஆறிலொன்று என்பதைப் பொறுத்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் அறிந்த இப்பின்னக் கணக்கைப் பெரியோர் மறந்துவிடுவது வியப்பே.

சோதனை சொல்லும் தீர்ப்பு

முடிச்சை அவிழ்க்கும் வழி, கொழுப்பைக் குறைத்துப் பார்த்து, ஆயுள் கூடுகிறதா என்று காண்பதே. வடஐரோப்பிய நாடுகளில் இதய நோயுற்ற 4,444 பேரைச் சீட்டுக் குலுக்கியது போல் இரு கூறாகப் பிரித்து, ஒரு சாரார்க்குச் சிம்வாஸ்டாட்டின் மாத்திரையும் மறு சாரார்க்கு மருந்தற்ற மாத்திரையும் தந்தனர். முடிவு 1994-இல் வந்தது. ஐந்தாண்டுகளுக்கு மேல் பார்த்ததில், மருந்தற்ற பிரிவில் 256 பேர் இறந்தனர். மருந்துண்ட பிரிவில் 182 பேர். எல்லா வகை மரணத்தையும் கூட்டிய கணக்கு இது. கொழுப்பைக் குறைத்தால் வேறு நோய் வந்து கொல்லும் என்ற அச்சம் அங்கே பொய்த்தது.

இயற்கையும் ஒரு சோதனை நடத்தியிருக்கிறது. சிலர்க்குப் பிறவியிலேயே ஒரு மரபணு செயலற்றிருப்பதால் எல்.டி.எல். வாழ்நாள் முழுவதும் குறைந்தே இருக்கும். இத்தகைய ஆப்பிரிக்க வழி அமெரிக்கரை ஆராய்ந்து 2006-இல் எழுதினர். அவர்கள் எல்.டி.எல். மற்றவரினும் 28 வீதம் குறைவு. இதயத் தமனி நோய் வரும் வாய்ப்போ 88 வீதம் குறைவு. நோய் வந்து இறங்கிய கொழுப்பு வேறு, பிறவியிலேயே குறைந்திருக்கும் கொழுப்பு வேறு என்பதை இது புலப்படுத்துகிறது.

ஆனால் எண்ணைத் திருத்தினாலே போதும் என்று மருத்துவ உலகமும் இறுமாந்துவிட வழியில்லை. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல்.-ஐ மிக உயர்த்தும் டார்செட்ராபிப் என்னும் மருந்தை 15,067 பேரிடம் சோதித்தனர். சீட்டில் எண்கள் அழகாயின. மருந்துண்டவரிடையே மரணம் கூடிற்று. 2006 டிசம்பரில் சோதனையையே நிறுத்திவிட்டனர். அம்மருந்து இரத்த அழுத்தத்தையும் ஏற்றியது. அதுபோலவே, 70 முதல் 82 வயது வரையிலான 5,804 பேரிடம் பிரவாஸ்டாட்டினைச் சோதித்து 2002-இல் வந்த முடிவில், இதயத் தமனி நோயால் வரும் மரணம் நூற்றுக்கு 24 வீதம் குறைந்தது. மொத்த மரணம் மாறவில்லை. முதுமையில் மருந்தின் பயன் வரையறுக்கப்பட்டது என்பதை மறுப்போர் சுட்டிக்காட்டினால், அவ்விடத்தில் அவர்கள் சொல் ஏற்கத்தக்கதே.

இப்பக்கத்துத் தமிழர் கணக்கு

அமெரிக்காவும் டென்மார்க்கும் ஒருபுறம் இருக்க, காஜாங் தமிழருக்கு நேரே பொருந்தும் ஏடு ஒன்று உண்டு. அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியர் டி. ஜே. தனராஜும் அவர் துணைவரும் 9,568 பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து, 1959-இல் முடிவை வெளியிட்டனர். இந்தியரிடையே இதயத் தமனி நோய் சீனரினும் ஏழு மடங்கு மிகுந்திருந்தது. வெளிநாடு சென்று வாழும் இந்தியரின் இதய நோயைப் பற்றி உலகுக்கு அறிவித்த முதல் ஏடுகளுள் அஃது ஒன்று. இதே தனராஜ்தான் 1960-களின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவை நிறுவித் தலைமை தாங்கியவர்.

தமிழ்நாட்டுப் பக்கமிருந்தும் ஒரு கணக்கு உண்டு. இந்திய ரயில்வே ஊழியரை ஆராய்ந்த டாக்டர் எஸ். எல். மல்ஹோத்ரா, 1967-இல், தென்னிந்தியரிடையே இதய நோய் பஞ்சாபியரினும் ஏழு மடங்கு மிகுதி என்று எழுதினார். பஞ்சாபியர் உண்ட கொழுப்போ தென்னிந்தியர் உண்டதைப் போல் 8 முதல் 19 மடங்கு! கொழுப்பை மறுப்போர் இதனைக் கொடியாகத் தூக்கிப் பிடிக்கின்றனர். இவ்விடத்தில் அவர்கள் செய்யும் பிழை எளிது. அவர்கள் காட்டும் கணக்கு இலையில் விழுந்த நெய்யைப் பற்றியது. இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலைப் பற்றியதன்று. உண்ட கொழுப்பு அப்படியே இரத்தக் கொலஸ்ட்ராலாக ஆவதில்லை; பெரும்பகுதியை ஈரலே ஆக்குகிறது. நெய் மிகுந்தும் நோய் குறைந்தது என்பதிலிருந்து, இரத்தக் கொழுப்பு மிகுந்தாலும் கேடில்லை என்று முடிவு கட்டுவது ஒரு படியைத் தாண்டிக் குதிப்பதாகும்.

தனராஜ் எழுப்பிய வினாவுக்குத் தெளிவு தந்தது 1990-இல் சிங்கப்பூரிலிருந்து கென்னத் ஹியூஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. 30 முதல் 69 வயது வரையிலான இந்திய ஆடவரிடையே இதயத் தமனி நோயால் வந்த மரணம் சீனரைப் போல் 3.8 மடங்கு, பெண்டிரிடையே 3.4 மடங்கு. ஆனால் மொத்தக் கொலஸ்ட்ராலிலும் எல்.டி.எல்.-இலும் இனங்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை! வேறுபட்டவை இரண்டு: இந்தியர்க்கு எச்.டி.எல். குறைவு, இனிப்பு நீர் மிகுதி.

இதனைக் கேட்டவுடன், ‘பார்த்தீர்களா, கொலஸ்ட்ரால் காரணமன்று’ என்று மறுப்போர் மகிழ்வர். அம்மகிழ்ச்சியும் பொருந்தாது. ஒரே அளவு மண்ணெண்ணெய் இரு வீடுகளில் இருக்கலாம். ஒரு வீட்டில் அடுப்பு அணைந்திருக்கிறது, மற்றொன்றில் எரிந்துகொண்டிருக்கிறது. எண்ணெய் ஒரே அளவு என்பதால் எண்ணெய்க்கும் தீக்கும் தொடர்பில்லை என்று எவரும் சொல்லார். இனிப்பு நீர் உள்ளவரின் குழாயில் அதே கொழுப்பு கூடுதல் கேடு செய்கிறது. 2019-ஆம் ஆண்டின் மலேசியத் தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்த இந்தியருள் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேர்க்கு இனிப்பு நீர். நாட்டின் மொத்தக் கணக்கோ 18-ஐ ஒட்டியது. அதே ஆய்வில், கொலஸ்ட்ரால் மிகுந்த நாட்டினர் நூற்றுக்கு 38 பேர். 2023-ஆம் ஆண்டு ஆய்வில் 33 பேர். நமக்கு 6.4 வரை நல்லது என்று கொரியரைக் காட்டிக் கூறுவோர், கொரியரின் உடலையும் சேர்த்து இறக்குமதி செய்துவிட முடியாது.

வயதும் இங்கே முக்கியம். தெற்காசியாவின் ஐந்து நாட்டினரைப் பிற நாட்டினரோடு ஒப்பிட்டு 2007-இல் வெளிவந்த ஆய்வில், முதல் மாரடைப்பு தாக்கிய சராசரி வயது தெற்காசியர்க்கு 53. மற்றோர்க்கு ஏறத்தாழ 59. பிள்ளைகள் படித்து முடிப்பதற்கும் வீட்டுக் கடன் அடைவதற்கும் வேண்டிய ஆறு ஆண்டுகள் அவை. முதியோர் கணக்கைக் காட்டி நடுவயதினரைத் தேற்றுவது இம்மக்களிடையே குறிப்பாகத் தீங்கு விளைவிக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

முடிவாக

இருசாரார் மீதும் குறை உண்டு. ஒரே எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்து, வயதென்ன, எச்.டி.எல். என்ன, சர்க்கரை என்ன, புகைக்கிறவரா, தாய் தந்தையர் எவ்வயதில் போயினர் என்று விளக்காமல் அனுப்பும் மருத்துவமுறை, நோயாளியைக் காப்பிக் கடைத் தேறுதலுக்குத் தானே தள்ளிவிடுகிறது. மறுப்போரோ, மெய்யான ஓர் எண்ணை எடுத்து, அது யாரைப் பற்றியது என்பதை மறைத்துவிடுகின்றனர். எண்பது வயதுப் பாட்டியின் கொலஸ்ட்ரால் தானாக இறங்கினால் மகிழ்வதை விட, ஏன் இறங்கிற்று என்று மருத்துவரைக் கேட்பது நல்லது. நாற்பது வயது மகனின் கொலஸ்ட்ரால் ஏறியிருந்தால், பாட்டியின் கணக்கைக் காட்டி அவனைத் தேற்றுதல் கூடாது. மருந்தைத் தொடர்வதும் விடுவதும் மருத்துவரோடு பேசி முடிவு செய்யத்தக்கவை.

காஜாங்கின் இஞ்ச் கென்னத் தோட்டம், 1890-களில் கிண்டர்ஸ்லி சகோதரர் ரப்பரை வாணிகப் பயிராக நட்ட இடம். அத்தகைய தோட்டங்களில் விடியுமுன் எழுந்து மரந்தோறும் நடந்தவர்களின் பேரர்கள் இன்று அடுக்கு வீடுகளில் குடியிருந்து, வாகனத்தில் வேலைக்குச் செல்கின்றனர். பாட்டனார் உண்டதை அவர் நடந்த நடையின்றி உண்கின்றனர். அவர்களுக்குத் தனராஜ் விட்டுச்சென்ற கணக்கு அறுபது ஆண்டுகளைக் கடந்தும் தீர்க்கப்படாமல் கிடக்கிறது. அதனைத் தீர்க்க, சீட்டில் உள்ள எல்லா எண்களையும் சேர்த்துப் படிக்கும் பழக்கம் நாற்பது வயதிலேயே வீடுதோறும் தொடங்குதல் வேண்டும்.